அட்டை இல்லாத மாத்திரை

ஈறைப் பார்த்து நான் பயந்த கதையைச் சொன்னால், புதிதாகக் கிளினிக் போடும் பல் டாக்டர்கள் சிரிக்கிறார்கள். "ஈறுக்கெல்லாம் யார் மேடம் பயப்படுவாங்க?" என்கிறார்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். திண்டுக்கல்லில் நான் கிளினிக் போட்டு அதிக காலம் ஆகவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்களைப் பல் சுத்தம் செய்யக் கூட்டி வருவார்கள். ஸ்டெல்லாவையும் அவள் அம்மா அப்படித்தான் கூட்டி வந்தார். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதை ஓலை என்போம். இவளுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது.

"முன்பல்லு ஒண்ணு ஆடுது டாக்டரம்மா. புடுங்கிட்டு, பாத்தா தெரியாத மாதிரி ஒண்ணு வச்சு விட்டுருங்க" என்றார் அம்மா.

வாயைத் திறக்கச் சொன்னேன். ஆடியது ஒரு பல் மட்டுமில்லை. ஈறு முழுக்க வீங்கி, நாலைந்து இடத்தில் சீழ் கோத்திருந்தது. வெகுநாள் சர்க்கரைக்காரர்களின் வாயில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். சீழ் வாடை எனக்குப் பழகியதுதான். அவள் மூச்சில் இருந்ததோ கனிந்து அழுகப் போகிற பழத்தின் வாடை. வந்ததிலிருந்து அவள் தண்ணீர்ப் பானையை விட்டு நகரவில்லை என்று நர்ஸ் சொன்னதும் நினைவுக்கு வந்தது. சர்க்கரை கட்டுமீறி ஏறினால் மூச்சு அப்படி மணக்கும் என்று பயந்தேன்.

"சுகர் இருக்காம்மா?"

"சின்னப் புள்ளைக்கு ஏது சுகர்?"

"மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாளா?"

"சத்து மாத்திரைதான்." கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினார். "போன வருசம் பூரா ஊதிக்கிட்டே போனா. இப்பத்தான் மாதா புண்ணியத்துல இளைச்சு ஜாக்கெட்டு பத்துது."

அவர் சந்தோஷமாகச் சொன்னார். தானாக இளைப்பதும் சர்க்கரையின் அடையாளம் என்பதால் என் பயம் முற்றியது. ரத்தம் பார்க்க வேண்டும், பக்கத்து லேபுக்குப் போங்கள் என்றேன்.

"அங்க எங்க கோயில்காரங்க வேலை பாக்குறாங்க. சுகர்னு ஒரு வார்த்தை வெளிய போனா கல்யாணம் நின்னுரும். உங்களுக்கு ஏலாதுன்னா சொல்லுங்க, வேற டாக்டர்கிட்ட புடுங்கிக்கிறோம்."

அவர் எழுந்தால் பெண்ணும் எழுந்துவிடுவாள். "எக்ஸ்ரே எடுக்கணும், செத்த நேரம் வெளிய இருங்கம்மா" என்றேன். எக்ஸ்ரே அறையில் கூட வந்தவர்கள் நிற்கக் கூடாது. அம்மாக்கள் வாதாடாமல் கேட்கும் ஒரே சட்டம் எங்கள் தொழிலில் அதுதான்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "டப்பாவுல என்ன பாப்பா இருக்கு?"

"மதுரையில மனநல டாக்டர் குடுத்தது மேடம். முன்னாடி எனக்குக் காதுல குரல் கேக்கும். இப்பக் கேக்கல. அம்மா அட்டையில இருந்து பிச்சு இதுல போட்டுட்டு, அட்டைய அடுப்புல போட்டுரும். யாரும் பேரப் படிச்சிரக் கூடாதுல்ல? எனக்கே பேரு தெரியாது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதாலதான் இப்படியாச்சா? நிறுத்திருவீங்களா? நிறுத்தினா அது திரும்ப வந்துரும் மேடம்."

ஈறுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவைக் கல்லூரியில் உருப்போட்டுப் படித்தவள் நான். மனநோய்க்கான சில மாத்திரைகள் உடம்பைப் பெருக்கி, சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. "யாரும் திடீர்னு நிறுத்த மாட்டாங்க" என்றேன். சொல்லிவிட்டு, அதைச் சொல்ல நான் யார் என்று எனக்கே பயமாக இருந்தது.

எழுந்தவள் தள்ளாடி வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்த அம்மாவே ஆட்டோ கூப்பிடச் சொன்னார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத உயரம் என்று மட்டும் காட்டியது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாள் என்று டியூட்டி டாக்டரின் காதில் சொன்னேன்.

"என்ன மாத்திரைம்மா? பேரு வேணும்" என்றார் அவர்.

அம்மா பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். அந்த நர்ஸும் அவர்கள் கோயில்தான். "சத்து..." என்று ஆரம்பித்தார். கட்டிலில் ஸ்டெல்லாவுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. நான் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

பேரைச் சொன்னார். நோயையும் சொன்னார். வார்டு முழுக்கக் கேட்டது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன். எம்புள்ளையக் குடுத்துருங்க."

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. ஸ்டெல்லா பிழைத்தாள். மதுரை டாக்டர் பழைய மாத்திரையை மெல்லக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். குரல் திரும்பவில்லை. சர்க்கரை இறங்கிய பிறகு ஈறைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்தேன். பிடுங்கச் சொன்ன அந்த முன்பல் இன்னும் அவள் வாயில்தான் இருக்கிறது.

சின்ன வயசில் ஈறு இப்படி இருந்தால் பிரஷ்ஷை மட்டும் திட்டாதீர்கள். என்ன மாத்திரை என்று தனியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள். யாராவது டப்பாவை ஆட்டிக் காட்டினால் இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது.

கல்யாணம் நின்றதில் அம்மாவுக்கு என்மேல் கோபம். மகளை உள்ளே அனுப்பிவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார். வெகுநாள் கழித்து ஒருமுறை உள்ளே வந்தார். நான் வாயைத் திறக்குமுன், என் கருவிகள் இருந்த தட்டின் ஓரத்தில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார். பேர் மேல்பக்கமாக இருந்தது.

"இப்பல்லாம் பிக்கிறதில்ல டாக்டரம்மா" என்றார். "படிச்சுக்கங்க."