ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

காலையில் பட்டறைக் கதவை நான்தான் திறப்பேன். அன்றும் திறந்து, பெருக்குவதற்காக வாரியலைக் கையில் எடுத்தபோதுதான் போன் வந்தது. சலீம் அண்ணனின் வீட்டுக்காரி நபீசா அக்கா. "செல்வி, அவரு போயிட்டாரு" என்றார். எங்கே போனார் என்று நான் கேட்டுவிட்டேன். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம், நெஞ்சு ஒரு மாதிரி கரிக்கிறது, வாயுவாக இருக்கும், சீக்கிரம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். அக்கா அழுதபோதுதான் புரிந்தது. என் எதிரே அவர் கடைசியாக வேலை பார்த்த நீல வண்டி நின்றது. அதன் ஸ்டியரிங்கில் அவர் கட்டிய சிவப்புத் துணி அப்படியே இருந்தது.

சலீம் அண்ணனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொச்சியில், மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. வேகமான வண்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சந்துக்குள் கஷ்டப்பட்டு வளைத்து வருவது அவருடைய பிரேக் வேலைக்காகத்தான். அவர் பாலக்காட்டுத் தமிழர். நான் கம்பத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, முதுகு வலி தாங்காமல் பட்டறையில் சாமான் கழுவச் சேர்ந்தவள். பட்டறையில் தமிழ் பேச எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை. பத்து மணிக்குச் சாயா வந்ததும் அவர், "வா தங்கச்சி, நம்ம பாஷைய கொஞ்சம் ஓட்டிப் பாப்போம்" என்பார்.

பிரேக் பேடு போடுவதைவிடப் பழைய பேட்டைக் கழற்றுவதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுப்பார். தேய்ந்த பேடுகளைப் பழைய பேப்பரில் ஜோடி ஜோடியாக வைத்து, எது மெலிந்திருக்கிறது என்று பார்ப்பார். உள்பக்கத்துப் பேடு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், பேட்டைச் சக்கரத்து டிஸ்க்கில் அழுத்துகிற காலிபர் நகருவதற்கான ‘பின்’ கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்று அர்த்தமாம். அந்தப் பின்னைச் சுத்தம் செய்வது என் வேலை. "புதுசு மாட்டிர்றது லேசு. பழசு ஏன் இப்படித் தேஞ்சுதுன்னு கேக்காம மாட்டினா, புதுசும் அப்படியேதான் தேயும்" என்பார். சாப்பிட்டுவிட்டு வந்து நான் புதுப் பேட்டைத் தொடப் போனால் கையைத் தட்டிவிடுவார். "மத்தி வறுத்தது தின்ன கையா? அத வெச்சுத் தொட்டா வண்டி நிக்காது. பூனைதான் வந்து நிக்கும்." சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக் காட்டிய பிறகுதான் தருவார். இப்போதும் மத்தி சாப்பிட்டால் எனக்கு அது ஞாபகம் வந்து, கையை மோந்து பார்க்கிறேன்.

ஒரு இளைஞர் வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். டர்போ வண்டி. ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிற பேட்டை எங்கிருந்தோ வரவழைத்துப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். இதைத்தான் போட வேண்டும், உலகத்திலேயே நல்ல பேடு இதுதான் என்றார். அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். நல்ல சாமான்தான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். பள்ளுருத்தியிலிருந்து ஆபீசுக்கு என்றார் அவர்.

"இது நல்லாச் சூடு ஏறினாத்தான் பிடிக்கும் மோனே. உங்க முன்னாடி சட்டுன்னு நிக்கிற ஆட்டோக்காரன் அது சூடாகுற வரைக்கும் காத்துக்கிட்டிருக்க மாட்டான்."

இளைஞருக்குக் கோபம். வேறு பட்டறைக்குப் போய்விட்டார். மழைக்காலம் தொடங்கி ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். வண்டியின் முன்பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஆறின நிலையிலும் மழையிலும் பிடிக்கிற பேடாகப் பார்த்து மாட்டினார். கழற்றிய ரேஸ் பேடுகளைத் துடைத்து, அதே பெட்டியில் வைத்து, அவர் கையிலேயே கொடுத்தார். ரேஸ் ட்ராக்குக்குப் போகிற அன்றைக்குக் கொண்டுவாருங்கள், நானே மாட்டித் தருகிறேன் என்றார். அந்த இளைஞர் அடக்கத்துக்கு வந்து, பள்ளிவாசல் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அந்தச் சிவப்புத் துணி வந்த கதை என்னுடைய தப்பிலிருந்து தொடங்கியது. லைசென்ஸ் வாங்கிய புதிது. பட்டறைக்குள் வண்டிகளை இடம் மாற்ற என்னை விட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணன் ஒரு வண்டிக்கு முன்பக்கப் பேடு மாற்றி முடித்துவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார். அதைக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். எங்கள் முற்றம் தெருவைப் பார்த்துச் சரிவு. வண்டி உருண்டது. பிரேக்கை மிதித்தேன். பெடல் வெறும் காற்றைப் போலத் தரை வரைக்கும் போனது.

புதுப் பேடு தடியாக இருக்கும். அதை உள்ளே நுழைக்கக் காலிபரின் பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள். மாட்டிய பிறகு பெடலைப் பல முறை மிதித்தால்தான் பிஸ்டன் முன்னால் வந்து பேட்டைப் பிடிக்கும். அதுவரை பிரேக் இல்லை. எனக்கு அது தெரியாது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. வண்டிக்காரர் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைத் திட்டிய திட்டு தெரு முழுக்கக் கேட்டது. அந்த நேரம் வாசலில் ஒரு குழந்தை போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

முதலாளி ஜோஸ் சேட்டன் கத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் தொப்பியோடு வந்து நின்றார். நடந்ததைக் கேட்டார். "செல்விய ஏசாதீங்க. தப்பு அவ கால்ல இல்ல. மிதிச்சுப் பாக்காம, யாருகிட்டயும் சொல்லாம தொழப் போனது நான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சிவப்பாக ஏதாவது துணி இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து பட்டறையில் ஒரு சட்டம். பேடு மாற்ற வீலைக் கழற்றும் முன்னால் ஸ்டியரிங்கில் துணியைக் கட்ட வேண்டும். துணி இருக்கும்வரை யாரும் வண்டியை நகர்த்தக் கூடாது. கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். அண்ணன் எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுவார்.

அந்த முடிச்சுத்தான் நீல வண்டியில் இருந்தது. வண்டி மினி மேடத்துடையது. சனி, ஞாயிறானால் மூணாறு மலைக்கு விரட்டுகிறவர். இறக்கத்தில் சூடு தாங்க வேண்டும், காலையில் ஆறின வண்டியிலும் பிடிக்க வேண்டும் என்று யோசித்து, அண்ணன் இரண்டு நாள் தேடி அந்தப் பேட்டை வரவழைத்திருந்தார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பட்டறை திறந்தோம். மேடம் வந்து அண்ணன் உட்காருகிற ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு வீலும் மாட்டி, வண்டி தரையில்தான் நின்றது. ஜோஸ் சேட்டன் மெல்ல என்னிடம், "எல்லாம் மாட்டியாச்சல்லோ செல்வி. அவிழ்த்துக் கொடுத்துரு" என்றார்.

"கட்டினவரு அவிழ்க்கலையே சேட்டா."

"கட்டின ஆள் இனி வருமோ?"

நான் போய் ஜாக்கியை எடுத்தேன். அண்ணன் ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கினால் அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். ஒவ்வொரு வீலாகக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டிலும் கோடு இருந்தது. முன்பக்கம் வலதில் இருந்தது. இடதில் இல்லை. காலிபர் போல்ட்டைத் தொட்டேன். விரலுக்கே சுற்றியது.

வண்டியை ஜாக்கியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அந்த வலியோடும் வீலை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலை முடியவில்லை என்று சொல்ல அந்தத் துணியை மட்டும் விட்டிருக்கிறார். ஜோஸ் சேட்டன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேடம் என் தோளில் கையை வைத்தார்.

போல்ட்டுகளை இறுக்கினேன். வெள்ளைக் கோடு போட்டேன், கொஞ்சம் கோணலாக. வீலை மாட்டினேன். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தேன். முதலில் இறங்கியது. பிறகு மெல்ல மெல்லக் காலுக்கு எதிராகக் கெட்டியாகி நின்றது. பிரேக் எண்ணெய் அளவையும் பார்த்த பிறகுதான் முடிச்சில் கை வைத்தேன். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரமானது.

மேடத்தோடு வில்லிங்டன் தீவுக்குப் போனேன். ஆளில்லாத நீளமான ரோட்டில் வேகம் எடுத்து, நிறுத்தாமல் குறைத்து, மறுபடி எடுத்து, பத்துத் தடவை. கருகல் வாடை வந்ததும் மேடம் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "பேடும் டிஸ்க்கும் பழகுது மேடம். இப்ப மிதிச்சுக்கிட்டு நிக்காதீங்க. காத்து வாங்க விடுங்க" என்றேன். அது அவருடைய பேச்சு. என் வாயில் அப்படியே வந்தது.

அவருடைய ஸ்பேனர்களை நபீசா அக்காவிடம் கொடுத்துவிட்டோம். அக்கா என்னிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். துணி என்னுடையதுதானே. இன்று காலையிலும் அது ஒரு வண்டியின் ஸ்டியரிங்கில் இருக்கிறது. இரட்டை முடிச்சுப் போட்டு நான் கட்டினேன். சாயங்காலம் நான்தான் அவிழ்க்க வேண்டும்.