இருபத்தொன்பது இரும்புப் பூக்கள்

கல்முனையில் சூறாவளிக்குப் பிறகு எழும்பிய கல்வீடுகளில் இரும்புப் பூ வைத்த வாசல் கேற் எதைக் கண்டாலும் ‘முகைதீன்பாவாட கைவேலை’ என்றுதான் ஊர் சொல்லும். ஊர் சொல்வதில் பாதியாவது உண்மையாக இருக்கவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? முகைதீன்பாவா மண்வெட்டி அடிப்பார், கோடரி அடிப்பார், வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் இறுக்குவார். பூ மட்டும் அவருக்கு வராது. தகட்டை மெல்லிசாக்குகிறேன் என்று தொடங்கி இரண்டாவது அடியில் கிழித்துவைப்பார். அந்தப் பூக்களையெல்லாம் அடித்தவள் அவருடைய மனைவி சுபைறா.

அது தொடங்கியது எழுபத்தொன்பதில். முந்தின வருடச் சூறாவளி அந்தக் கரையில் ஒழுங்கான கூரை ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கொண்டி, ஆணி, கதவுப் பட்டை என்று பட்டறையில் வேலை குவிந்தது. துருத்தி ஊத ஆள் கிடைக்கவில்லை. பட்டறை வீட்டு வளவின் பின்பக்கம், சுற்றிவரக் கிடுகுவேலி, வெளியார் கண் படாத இடம். ஆகவே சுபைறா முக்காட்டை இறுக்கிக்கொண்டு துருத்தியடியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் சவூதியிலிருந்து வந்த ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டி, தன் கேற்றில் இதைப்போலப் பூ வேண்டும் என்றான். முகைதீன்பாவா நாலு நாள் முக்கிப் பார்த்தார். ஐந்தாம் நாள் குறட்டையும் சுத்தியலையும் வீசி எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது சுபைறாவின் காலடியில் ஒரு பூ சூடாறிக்கொண்டிருந்தது.

அவள் கலியாணமாகாத குமராக இருந்த காலத்தில் பன்புல்லில் பாய் இழைத்தவள். எந்த இழையை எங்கே மடக்கினால் பாயில் பூ விழும் என்று விரல்களுக்குத் தெரியும். அதே விரல்கள் இப்போது எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று வட்டம் வெட்டின. ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ். மூன்றையும் அடுக்கி, நடுவில் துளையிட்டு, ஒரு கம்பித் துண்டால் அறைந்து இறுக்கினாள். சிரட்டைக்கரி நெருப்பில் தகடு மாதுளம்பூ நிறத்துக்கு வந்ததும் எடுத்து, புளியங்குற்றியில் குடைந்த குழியில் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இதழ்கள் எழும்பின. பிறகு குறட்டால் ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் வெளியே சுருட்டவேண்டும். முகைதீன்பாவாவின் பிழை அவசரம். மண்வெட்டிக்குக் காய்ச்சுகிற மாதிரிக் காய்ச்சுவார். மெல்லிய தகடு கரிந்து பொத்தலாகிவிடும். சுபைறா நிறத்தைப் பார்த்து எடுத்தாள். கடைசியில் சூடு ஆறுமுன்னமே தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் பூவைத் துடைத்தாள். அந்தக் கடல்காற்றில் சும்மா விட்ட இரும்பு ஒரு மாரிக்குத் தாங்காது. அவளுடைய பூக்கள் நாலைந்து மாரி கண்டும் கறுப்பாகவே நின்றன.

முகைதீன்பாவா நல்ல மனிதர். இதை வெளியில் சொல்லத்தான் துடித்தார்.

“புள்ள, தேத்தண்ணிக் கடையில எல்லாரும் என்ட கையப் புடிச்சிப் புடிச்சிப் பாக்கானுகள். எனக்கு வெக்கமா இரிக்கி. நீதான் செஞ்சயெண்டு சொல்லிர்றனே.”

“சொல்லிப் போடாதீங்க! நமக்கும் ஒரு கொமர் இரிக்கி. சுத்தியல் புடிக்கிறவள்ட மகளுக்கு எவன் மாப்புள்ள தருவான்? அல்லாட பேரால சத்தியம் பண்ணுங்க, வாயத் தொறக்க மாட்டனெண்டு.”

அவர் சத்தியம் செய்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் என்பதால் வந்த கேடு அது.

அந்தக் குமர் சபூறா. அப்போது பதினாறு வயது. தகடு வெட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். உம்மாவின் முழங்கையில் தீப்பொறி பட்ட இடங்களுக்கு எண்ணெய் போட்டுவிட்டவளும் அவள்தான்.

எண்பத்திரண்டில் சபூறாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை உதுமாலெவ்வை, பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் மாப்பிள்ளை எடுக்க முடியாது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து முன்வாசலில் கதிரை போட்டு இருப்பான். பெற்றவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவார்கள். அப்படியே நடந்தது. வீடும் வளவும், வளவில் நின்ற பட்டறையும் சபூறாவின் பேரில் எழுதப்பட்டன. சுபைறாவும் முகைதீன்பாவாவும் பட்டறையோடு ஒரு குடில் இறக்கிக்கொண்டார்கள். மருமகன் கரிப்புகை பட்டால் மூக்கைப் பொத்துவார். வாத்தியார் மருமகன் மூக்கைப் பொத்துவதும் சுபைறாவுக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, நெல் மில் வைத்திருந்த அதாவுல்லா ஹாஜியார் தன் மகளுக்குக் கட்டின மாடிவீட்டுக்குக் கேற் செய்யச் சொன்னார். நாற்பது பூ. அதுவரை யாரும் பத்துக்கு மேல் கேட்டதில்லை. சுபைறா அந்தப் பூக்களுக்கு இதழ் ஏழாக்கினாள். சபூறாவுக்கு ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. இனிப் பயப்பட என்ன இருக்கிறது என்று சுபைறாவுக்குத் தோன்றியது. ஐந்து வருடமாக அடக்கிவைத்திருந்த ஆசை ஒரு நாள் வாய்க்கு வந்தது.

“இஞ்ச பாருங்க, நாப்பதும் முடியட்டும். கேற் ஏத்துற அண்டைக்கு ஹாஜியாரிட்ட நீங்களே சொல்லுங்க, பொஞ்சாதிதான் செஞ்சவளெண்டு.”

முகைதீன்பாவாவின் முகம் விரிந்ததை அவள் பார்த்தாள். “அல்ஹம்துலில்லாஹ். என்ட தலையில இரிந்த பாரம் எறங்கிச்சி,” என்றார்.

இருபத்தொன்பதாவது பூ முடிந்த அன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் போனவர், பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுழடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பின்னேரம் அசர்த் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டார்கள். அவளுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய வாய் அதோடு மண்ணுக்குள் போயிற்று.

சுபைறா இத்தாவில் உட்கார்ந்தாள். புருசனை இழந்தவள் தனித்திருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள். சபூறாவின் வீட்டுக்குள் ஓர் அறை, வெள்ளைச் சீலை, வாசலுக்கு ஒரு திரை. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது.

பன்னிரண்டாம் நாள் ஹாஜியார் வந்து விறாந்தையில் இருந்தார். பக்கத்தில் சுபைறாவின் அண்ணன், மூத்த காக்கா மீராசா. இனி அவளுக்காகக் கதைக்கவேண்டிய ஆண் அவர்தான் என்று அவரே முடிவு செய்திருந்தார். மருமகனும் நின்றார்.

“என்ன செய்ற, மீராசா? அந்தக் கை போயிட்டு,” என்றார் ஹாஜியார். “செஞ்ச இருபத்தொம்பதையும் தாங்க. மிச்சத்த வெல்டிங் கடையில பாத்துக்குவம்.”

திரைக்குப் பின்னால் இருந்து சுபைறாவின் குரல் வந்தது.

“மிச்சம் பதினொண்டையும் நான் செஞ்சு தாறன், ஹாஜியார்.”

மீராசா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“புள்ள, ஒனக்கென்ன பைத்தியமா?”

“காக்கா, எல்லாம் நான் செஞ்சதுதான். அவர் ஒரு பூவும் செய்யல்ல. ஒரு துண்டுத் தகட்டயும் நெருப்பயும் தாங்க, இந்த அறைக்குள்ளயே செஞ்சு காட்டுறன்.”

“மௌத்தாகி இன்னும் நாப்பதாம் நாள் கத்தம் ஓதல்ல. இத்தா வீட்டுக்குள்ள இரிந்து சுத்தியல் சத்தம் கேட்டா ஊர் என்ன கதைக்கும்? மௌத்தானவர்ட பேரையும் கெடுக்கப் பாக்கியா?”

இத்தாவில் இருக்கிறவள் நாலு சுவருக்குள் இருந்து வேலை செய்யக்கூடாது என்று மார்க்கத்தில் இருக்கிறதா என்று யாரும் மௌலவியிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். அதனாலேயே கேட்கவில்லை போலும்.

“என்ன நம்பாட்டி சபூறாட்டக் கேளுங்க,” என்றாள் சுபைறா. அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.

மீராசா சபூறாவைக் கூப்பிட்டார். இடுப்பில் பிள்ளையோடு வந்து அவள் அறை வாசலில் நின்றாள். ஒரு பக்கம் உம்மா, மறுபக்கம் விறாந்தையில் புருசன்.

“உம்மா சொல்றது மெய்யா, மகள்?”

சபூறா புருசனைப் பார்த்தாள். உதுமாலெவ்வை வெறுமனே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“உம்மா துருத்தி ஊதினா, மாமா. பூவெல்லாம் வாப்பாதான்.”

“பாவம், கவலையில சொல்றா,” என்றார் ஹாஜியார். அவர் கெட்டவர் அல்ல. போகும்போது அரிசி மூடை ஒன்றை அனுப்பிவைப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வருட உழைப்புக்குச் சுபைறாவுக்குக் கிடைத்த ஒரே பட்டம், கவலையில் மூளை கலங்கினவள் என்பது.

அன்று இரவும் அடுத்த நாளும் அவள் சபூறாவைத் திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். சத்தியம் வாங்கினது யார்? அவள்தான். மகளுக்கு ஒரு நல்ல இடம் அமையவேண்டும் என்று தன் கையை ஒளித்தாள். அந்த நல்ல இடம் அமைந்து, வாத்தியார் பொஞ்சாதி ஆன மகள், அதே காரணத்துக்காக அதே கையை ஒளித்துவிட்டாள். பிள்ளை பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காரைதீவில் இருந்து ஒரு கொல்லர் வண்டியோடு வந்தார். வளவு சபூறாவின் வளவு. பட்டறையை விற்க மருமகனும் மீராசாவும் பேசி முடித்திருந்தார்கள். அறைக்குள் இருந்து சுபைறா ஒவ்வொரு சத்தமாகக் கேட்டாள். துருத்தியைக் கழற்றுகிற சத்தம். இரும்பு வைத்து அடிக்கிற பட்டடையை நாலு பேர் உருட்டுகிற சத்தம். புளியங்குற்றி வண்டித் தட்டில் விழுந்தது. வளவு முழுக்க அந்நிய ஆண்கள். எழும்பிப் போய் வாசலில் நிற்கவும் வழியில்லை.

“சபூறா, அந்தச் சின்னச் சுத்தியல மட்டும் எடுத்து வையி மகள்.”

“அதையும் சேத்துத்தான் குடுத்திட்டாங்க, உம்மா,” என்றாள் சபூறா, திரைக்கு வெளியே நின்றபடி.

இத்தா முடிந்து, குளித்து, வெளியே வந்தபோது பட்டறை இருந்த இடம் சீமெந்து பூசிய நிலமாகிக் கிடந்தது. அதில் மருமகனின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஹாஜியாரின் கேற்றை அவள் யாரோ மௌத்தான ஒரு மையித்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் கண்டாள். இருபத்தொன்பது பூ மேல்வரிசைகளில். கீழே வெல்டிங் கடையில் ஒட்டின பதினொன்று, தட்டையான தகரத் துண்டுகள், அதற்குள்ளேயே சிவந்து துருப்பிடித்திருந்தன. கூட வந்த பெண்ணொருத்தி நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள், “கீழ இரிக்கிறது முகைதீன்பாவா கடைசி நேரம் அடிச்சதாம். பாவம், நெஞ்சு வருத்தத்தில கை தளந்து போயிரிக்கும்.” சுபைறா முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள். அவர் அடிக்காத பூவுக்குப் பெயரும் அவருக்கு. அவர் அடிக்காத பூவுக்குப் பழியும் அவருக்கு.

எண்பத்தாறில் உதுமாலெவ்வை வீட்டுக்கு முன்மதில் கட்டினார். கடையில் வாங்கின கேற், நேர்க்கம்பி மட்டும். அதை மாட்டின அன்று பின்னேரம் சபூறா குசினி வாசலில் இருந்து மீன் கழுவினாள். சுபைறா தேங்காய் துருவினாள். கேற் பக்கம் பார்த்துக்கொண்டே சபூறா சொன்னாள்.

“எங்கட கேற்றிலயும் ரெண்டு பூ வெச்சிரிந்தா வடிவா இரிந்திரிக்கும். வாப்பா இரிந்திரிந்தா செஞ்சு தந்திரிப்பார்.”

சுபைறா துருவுவதை நிறுத்தினாள். ஒன்றரை வருடமாக அவள் இந்தப் பேச்சை எடுத்ததில்லை.

“வாப்பாக்குப் பூ அடிக்கத் தெரியாது மகள். ஒரு பூவும் அவர் அடிக்கல்ல.”

சபூறா மீனிலிருந்து கையை எடுக்காமல், உள்வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கதான் செஞ்சதெண்டு எனக்குத் தெரியாதா உம்மா? மெல்லக் கதைங்க. அவர் உள்ளுக்க இரிக்கார்.”