சூளைக்குப் போகாத ஜெட்

கோதண்டபாணி யாரையும் நம்ப மாட்டார். அதை அவர் மறைத்ததும் இல்லை. கடையில் துவரம்பருப்பு வாங்கினால் வீட்டுக்கு வந்து தன் தராசில் மறுபடி நிறுப்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு மெடிக்கலில் காட்டி விசாரிப்பார். உப்பு போட்டாயிற்று என்று மனைவி திரௌபதி சொன்னாலும், குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சோற்றைப் பிசைவார். "கட்டிக்கிட்டு முப்பது வருஷம் ஆவுது, இன்னும் எனக்குப் பரீட்சை முடியல" என்பாள் திரௌபதி. சிரித்துக்கொண்டு சொல்வதுபோல இருக்கும். சிரிப்பு இல்லை அது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் அவருக்கு அச்சு செய்யும் வேலை. ப்யூஸ் கட்டை, ஜாடி, பொம்மை என்று எது வார்க்க வேண்டுமானாலும் முதலில் பிளாஸ்டரில் அச்சு வேண்டும், அந்த அச்சு கோதண்டபாணி கையால் ஆக வேண்டும். களிமண் சூளையில் வெந்தால் சுருங்கிப்போகும். நூறு மில்லிமீட்டரில் கட்டை வேண்டுமென்றால் அச்சை நூற்றுப் பன்னிரண்டில் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதற்காக ஒரு எஃகுப் பட்டையை வெட்டி, கோடுகளைக் கொஞ்சம் அகலம் அகலமாகக் கீறி, தானே ஒரு ஸ்கேல் செய்துவைத்திருந்தார். அதில் நூறு என்று காட்டுவது நிஜத்தில் நூற்றுப் பன்னிரண்டு. அதில் அளந்து அச்சு செய்தால் போதும், மிச்சத்தைச் சூளை பார்த்துக்கொள்ளும். இருபத்தெட்டு வருஷமாக அது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. உலகத்தில் அவர் நம்பிய ஒரே பொருள் அதுதான்.

மனிதர்களை அவர் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார். பெரிய கழித்தல், தம்பி நந்தகுமார். அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தார்கள். கோதண்டபாணி பங்குக்குக் கூடத்தில் பன்னிரண்டு அடி என்று பத்திரம் சொன்னது. ஆள் வைத்து டேப்பில் அளந்த அளவை அவர் ஏற்கவில்லை. கயிறு பிடித்து, கயிற்றைத் தன் ஸ்கேலால் அளந்தார். ஒன்றேகால் அடி குறைந்தது. தம்பி பக்கத்தை அவர் அளக்கக்கூட இல்லை. இந்தப் பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் கூடியிருக்கத்தானே வேண்டும்? அள்ளிக் கொட்டிய வார்த்தைகளில் தம்பி குடும்பத்தோடு பெண்ணாடத்துக்குப் போய்விட்டான். ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

கடைசியில் மிஞ்சியது ஜமால் முகம்மது ஒருவர்தான். ஸ்கூலில் ஒரே பெஞ்சு. ஜமால் பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பி, பாலக்கரையில் எலெக்ட்ரிக்கல் கடை போட்டார். ஷார்ஜாவில் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் ரிமோட் விமானம் விடுகிறவர்களோடு சேர்ந்து விடக் கற்றுக்கொண்டிருந்தார். போன வருஷம் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கடை மாடியில் வைத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஜெட். ஃபோம் உடம்பு, இரண்டு இறக்கை, வால். மூக்குக்கு வெளியே ஒன்றும் சுற்றாது. வயிற்றுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் பன்னிரண்டு அலகுள்ள மின்விசிறி. அது முன்பக்கக் காற்றை இழுத்துப் பின்னால் பீய்ச்சியடிக்கும், விமானம் ஓடும்.

"உன் கை, என் ஓட்டு" என்றார் ஜமால். "நீ கோத்துக் குடு பாணி. உன்னை மாதிரி சுத்தமா யாரு செய்வாங்க?"

கோதண்டபாணிக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே, இவன் எதற்கு என்னை இப்படிப் புகழ்கிறான் என்றும் தோன்றியது.

வேலை ஒரு மாதம் ஓடியது. ஷிப்ட் முடிந்து சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க. முதல் நாளே திருகாணிகளை எண்ணினார். புத்தகத்தில் இருபத்து நான்கு, கையில் இருபத்து மூன்று. "பெட்டிய எவனோ பிரிச்சிருக்கான்" என்று சண்டைக்கு நின்றார். ஜமால் குனிந்து அவர் முழங்கையில் ஒட்டியிருந்த திருகாணியை எடுத்து மேசையில் வைத்தார். அதுவும் கோதண்டபாணிக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் வேலை என்றால் வேலை. இறக்கைக்குள் கார்பன் குச்சியைச் செருகி இரண்டு பக்கமும் ஒட்டினார். பசை காய்கிற வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வால் மடிப்புகளை ஆட்டுகிற குட்டி மோட்டார்களுக்குக் கம்பி மாட்டி, ரிமோட்டில் குச்சியை இழுத்தால் மடிப்பு மேலே ஏறுகிறதா என்று பத்து தடவை பார்த்தார். விசிறியை ஓட்டும்போது ஜெட்டை மேசைக் காலில் கட்டிவைத்தார். ஒரே இரைச்சல். மேசையிலிருந்த பில் தாள் பறந்து முன்வாயில் ஒட்டிக்கொண்டது. ரிமோட்டை அணைத்தால் விசிறி தானாக நிற்க வேண்டும். நின்றது. மறுபடி அணைத்தார், நின்றது. பதினோரு தடவைக்குப் பிறகு ஜமால் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கடைசி வேலை எடை சமன். இறக்கை உடம்பில் சேருகிற இடத்தில் முன்விளிம்பிலிருந்து தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் பின்னால் இரண்டு பக்கமும் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் விரல் கொடுத்துத் தூக்கினால் ஜெட் மட்டமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேட்டரியை முன்னே பின்னே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். பின்பாரம் ஆகிவிட்டால் மூக்கு அண்ணாந்துகொள்ளும், யாராலும் அடக்க முடியாது. கோதண்டபாணி சட்டைப்பையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்தார். தொண்ணூற்றைந்தில் புள்ளி வைத்தார், தூக்கினார், பேட்டரியைத் தள்ளினார், சமன் வந்த இடத்தில் பேட்டரி அறைக்குள் பென்சிலால் கோடு போட்டார்.

ஜமால் எட்டிப் பார்த்தார். "பாணி, அந்த ஸ்கேலு சரியா இருக்குதா? இந்த டேப்பு வெச்சு ஒரு தரம் பாத்துடேன்."

"எந்த ஸ்கேலு? இதுவா?" கோதண்டபாணிக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபத்தெட்டு வருஷமா இதுல அளந்த ஒரு கட்ட கூட திரும்பி வந்ததில்ல. உன் கடை டேப்புதான் என்னை விட உனக்குப் பெருசா?"

ஜமால் கையை உயர்த்தி விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். அழித்த தடம் இருந்தது. மூன்று விரல்கடை முன்னால் வேறு ஒரு கோடு. மாடிச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. கோதண்டபாணி புதுக் கோட்டை அழித்தார், பழைய இடத்தில் போட்டார், ஜெட்டைச் சுற்றி மேசையில் பிளாஸ்டர் பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டுப் போனார். மறுநாள் பொடியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கோடு மறுபடி முன்னால்.

படியிறங்கும்போது கீழே ஜமால் தன் மனைவி சாதிகாவிடம் பேசியது காதில் விழுந்தது. "அவனுக்குத் தெரியாமத்தான் மாத்தி வெச்சிருக்கேன். நீ எதுவும் வாய விட்டுடாத."

அவ்வளவுதான். நாற்பது வருஷத்துப் பழக்கம், கடைசியில் இவனுமா? மூக்குப் பாரமானால் ஜெட் தரையை விட்டு எழும்பாது. எழும்பாவிட்டால் கோத்தவன் வேலை மோசம் என்றாகும். பிறகு வேறு யாரையாவது வைத்துச் சரிசெய்து, தானே செய்ததாகப் பீற்றிக்கொள்ளலாம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். அடுக்க அடுக்க எல்லாம் பொருந்தியது. சந்தேகப்படுகிறவனுக்கு எதுதான் பொருந்தாது?

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு மனைப்பிரிவுக்குப் போனார்கள். தார் ரோடு போட்டு, கல் நட்டு, ஒரு வீடுகூட வராத இடம். ஓடுபாதைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இலை அசையவில்லை. ஜமால் பேட்டரியை வைத்து, பட்டையை இறுக்கி, மூடியைச் சாத்தினார். ரோட்டில் கிடந்த கருவேல முள்ளைப் பொறுக்கிப் போட அந்தக் கோடி வரை நடந்தார்.

கோதண்டபாணி மூடியைத் திறந்தார். பேட்டரியைத் தன் கோடு இருந்த இடத்துக்குத் தள்ளினார். பட்டையை இறுக்கினார். மூடினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நியாயம் தன் பக்கம் என்ற நினைப்பு அப்படி.

ஜமால் திரும்பி வந்து ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "பிஸ்மில்லா" என்றார். விசிறி சீறியது, ஜெட் ரோட்டில் ஓடியது, அழகாக எழுந்தது. கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிப் பனை உயரம் போனது. அங்கே மூக்கு அண்ணாந்தது. ஜமால் குச்சியை முழுக்க முன்னால் தள்ளியும் அது கேட்கவில்லை. வானத்தில் செங்குத்தாக ஒரு கணம் நின்றது, ஒரு பக்கம் சாய்ந்தது, மனைக்கல்லில் வந்து மோதியது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது ஜமால்தான். மூடி பிளந்து கிடந்தது. பட்டை விடவில்லை, பேட்டரி இருந்த இடத்திலேயே இருந்தது, பின்னால். ஜமால் அதைப் பார்த்தார். கோதண்டபாணி முகத்தை அவர் பார்க்கவில்லை.

"காத்து தூக்கிடுச்சு பாணி" என்றார். "நான்தான் சுதாரிக்கல. உன் வேலைல ஒரு குத்தமும் இல்ல."

காற்றே இல்லை. இருந்தாலும் கோதண்டபாணிக்கு அந்தப் பேச்சு இனித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் பார் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரம் அவர் பாலக்கரைப் பக்கம் போகவில்லை. ஜமாலின் போனையும் எடுக்கவில்லை. ஆளைக் கழித்தாயிற்று.

புதன்கிழமை கம்பெனிக்கு ஒரு மாதிரிச் சாமான் வந்தது. வேறு ஊரில் சுட்டு முடித்த ப்யூஸ் கட்டை, அதேபோல ஆயிரம் வேண்டும். கூட வந்த தாளில் நீளம் நூறு என்று போட்டிருந்தது. கோதண்டபாணி ஸ்கேலை வைத்தார். எண்பத்தொன்பது.

"பாத்தியா, தாள்ல ஒண்ணு, சாமான்ல ஒண்ணு. இவனுங்கள நம்பி எப்படி அச்சு போடறது?"

பக்கத்தில் பிசிறு தட்டிக்கொண்டிருந்த வீரம்மாள் நிமிர்ந்தாள். பார்த்துவிட்டுக் கொல்லென்று சிரித்தாள். "அண்ணே, சுட்ட சாமான அந்த ஸ்கேல்ல அளக்குறீங்களே! புதுசா வர்றவங்கள இதுக்குத்தானே நீங்க திட்டுவீங்க!"

அவரும் சிரிக்கத்தான் வாயெடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அங்கேயே ஒரு காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். மண் சுருங்கும். ஃபோம் சுருங்காது. தான் தொண்ணூற்றைந்து என்று வைத்த புள்ளி நிஜத்தில் நூற்றாறு. ஜமால் இரண்டு தரம் கோட்டை மாற்றியது சரியான இடத்துக்கு. அதைப் பின்னால் இழுத்து ஜெட்டை உடைத்தது தன் கை. ஊர் உலகத்தையெல்லாம் அளந்து பார்த்த மனிதன், அளக்கிற ஸ்கேலை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீரம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்; குடிக்கும்போதுதான் கூடத்தில் பிடித்த அந்தக் கயிறு நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் நேரே பாலக்கரைக்குப் போனார். கடையில் இரண்டு பேர் பல்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் சாதிகா இருந்தார். அவர்கள் போகட்டும் என்று கோதண்டபாணி காத்திருக்கவில்லை. ஸ்கேலை எடுத்து ஜமால் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு நீ முள்ளு பொறுக்கப் போனப்ப பேட்டரிய நான்தான் பின்னால தள்ளினேன் ஜமாலு."

"தெரியும்" என்றார் ஜமால்.

"இந்த ஸ்கேலு தப்பு."

"ஸ்கேலு தப்பில்ல. உன் வேலைக்கு அது சரி. ஜெட்டு சூளைக்குப் போவாது, அவ்ளோதான்."

"எல்லாம் தெரிஞ்சுமா காத்து மேல பழிய போட்டே? மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே?"

ஜமால் பல்பைச் சோதித்துக் கொடுத்து, அந்த ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பினார். "கேட்டா நீ ஒத்துக்குவியா? சண்ட போட்டுட்டுப் போயிடுவ. அப்புறம் என்கிட்டயும் வர மாட்ட. உனக்கு வேற யாரு இருக்காங்க பாணி?"

சாதிகா ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காருங்கண்ணே" என்றார். கோதண்டபாணி உட்காரவில்லை.

"கூடத்தையும் இதாலதான் அளந்தேன்" என்றார் கடைசியில். "நந்தகுமாரு வூட்ட வுட்டுப் போனானே, அந்தக் கயித்த."

ஜமால் ஸ்கேலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த டேப்பு ஒன்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். கடையில் டேப்பு வாங்கினால் இன்னொரு டேப்போடு ஒட்டிவைத்துப் பார்க்காமல் கோதண்டபாணி வாங்கியதில்லை. கை தானாக இன்னொன்றுக்காக நீண்டது. பிறகு, எடுக்காமலே திரும்பி வந்தது.

"நீ கடையப் பாத்துக்க, போயிட்டு வரேன்" என்று ஜமால் சாதிகாவிடம் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் செய்து, "ஏறு" என்றார்.

கோதண்டபாணி டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி பாலக்கரையைத் தாண்டி, தம்பி இருக்கும் பெண்ணாடத்து ரோட்டில் திரும்பியது. எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை.