அம்மா சாலையில் உட்கார்ந்த நாள்

அண்ணனின் ஆட்டோ மதுக்கடைக்குப் பின்னால், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் மஞ்சள் எழுத்தில் 'அம்மாவின் ஆசி' என்று எழுதியிருக்கும். கடையை மூடச் சொல்லி எங்கள் தெருப் பெண்களோடு வெயிலில் சாலையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த எழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது. உடனே அம்மாவைப் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து அவள் கோஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டோவை அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மா ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் காலைச் சமையலுக்குப் போனாள். அண்ணனுக்கு ஆட்டோ வந்ததும் நான் டீச்சர் ட்ரெயினிங் முடித்ததும் அந்த அடுப்பிலிருந்துதான். மதியத்துக்கு மேல் அவள் தெருவுக்குச் சொந்தம். பௌர்ணமிக்கு நடப்பவர்களுக்கு மோர் கரைப்பாள். பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை இருக்கும் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். சண்டை போட மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். "அவ பையை எடுத்துக் குடுங்க, நான் போறேன்" என்று மட்டும் சொல்வாள். அவளை எழுப்பி அனுப்பவாவது அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அண்ணன் குடித்துவிட்டு வந்து கத்தும்போது அம்மா டி.வி. சத்தத்தை ஏற்றுவாள். நான் ஜன்னலைச் சாத்துவேன். இதை நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாகவே பழகிப்போனது. அண்ணி பொறுக்கமுடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனபோது, "சம்பந்தியம்மாவுக்கு உடம்புக்கு முடியல, பாத்துக்கப் போயிருக்கா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அதே வாரம் எதிர்வீட்டு அக்காவின் கன்னம் வீங்கியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மறைக்காதம்மா, மறைச்சா அவனுக்குத்தான் வசதி" என்று அம்மா சொன்னதை எங்கள் வாசலில் நின்று கேட்டேன். எனக்குக் கூசியது. சொல்லிவிட்டுத் திரும்பிய அம்மாவும் என் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போனாள்.

பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில் கடை வந்திருந்தது. மனு கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதனால்தான் அன்று உட்கார்ந்தது. ஒரு அதிகாரி வந்து பேசிக்கொண்டிருந்தபோது, பார் வாசலில் லுங்கியை மடித்துக் கட்டி நின்ற ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏன்க்கா, கடைய அப்புறம் மூடலாம். முதல்ல உன் பையனைக் கூட்டிட்டுப் போ. உள்ளதான் இருக்கான்."

கோஷம் நின்றுவிட்டது. எனக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "வேணாம்மா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவள் என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நேராகப் பாருக்குள் நுழைந்தாள். வெளியே வந்தபோது அண்ணனின் மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். திமிறக்கூட இல்லை. தான் உட்கார்ந்த இடத்துக்கே கூட்டிவந்து, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"சார், இவன் என் பையன். குடிக்கிறான். மருமக அதனாலதான் போயிட்டா. நான் இவங்க எல்லார்கிட்டயும் வேற சொல்லி வெச்சிருந்தேன். ஊருக்கு புத்தி சொல்லிட்டு, என் வீட்டுக் கதவை மட்டும் சாத்தி வெச்சிருந்தேன் சார். அது என் தப்புதான். ஆனா இந்தக் கடை இங்க வேணாம்."

அவள் குரல் உயரவில்லை. அதிகாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்து எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்லயும் அதான் சார்" என்றாள். பின்னால் இன்னொரு குரல் வந்தது, பிறகு இன்னொன்று. அண்ணன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் என்ன செய்தேன் என்றால், உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்குப் போயிருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வேறு பெண்கள் உட்கார இடம் இருந்தது.

வரன் நின்றுபோனது. "உனக்கு உன் போராட்டம்தான் முக்கியம், எங்க மானம் போனா என்ன" என்று கத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போச்சுடி. போனதுக்கப்புறம்தான் மூச்சு விட முடியுது" என்றாள். அதற்கு மேல் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை.

கடையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அண்ணன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினான், குடியை நிறுத்தவில்லை. இன்னும் தூரம் போய்க் குடித்தான். அப்போதும் அம்மா அவனுக்குச் சோறு எடுத்து வைத்தாள். ஒருநாள் அவனே வந்து, "எங்கயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று நின்றான். சிகிச்சைக்குப் போய் வந்தான், மறுபடி விழுந்தான், மறுபடி போனான். இப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறான். அண்ணி திரும்பி வந்துவிட்டாள். அவன் வரத் தாமதமானால் இன்னமும் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

அம்மா இறந்தபோது பெயர் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களிடமெல்லாம் அண்ணன், "குடிச்சிட்டுக் கிடந்த என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவங்க" என்று சொல்லி அழுதான். பக்கத்தில் நின்ற நான் ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்தேன். அவன் கொஞ்சம் மெதுவாகச் சொல்லக்கூடாதா என்று இருந்தது.

நான் இப்போது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவியின் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். பிள்ளை வகுப்பில் தூங்கிவிடுகிறாள். அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "வீட்ல கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி டீச்சர், அவளுக்குத் தூக்கம் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு எல்லாம் புரிந்தது. எங்க அண்ணனும் குடிச்சாரும்மா என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதியை அவளே சொல்லியிருப்பாள். அடுத்த மேசையில் தலைமையாசிரியை காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மார்க் ரொம்பக் கம்மியாயிடுச்சு. கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று எழுந்துகொண்டாள். மைதானத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே, பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றிருந்தாள். ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மணி அடித்ததும் நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.