கழுத்தைவிடப் பெரிய காலர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், கறை எடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் பனியன் கம்பெனியில் ஆள் கிடையாது. தையல் மெஷின் எண்ணெய் பட்ட டிசர்ட் என் மேஜைக்கு வந்தால், கறை நீக்கும் மருந்துத் துப்பாக்கியால் ஒரு பீச்சு. கறை போன இடம் தெரியாது. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் வேலை. அவர் அம்மா வயிற்றில் இருந்தபோதே அப்பா எல்லைச் சண்டையில் இறந்துவிட்டார். போட்டோ எதுவும் மிஞ்சவில்லை. கூட இருந்த சிப்பாய் ஒருவர் வரைந்து கொடுத்த பெயிண்டிங் மட்டும் இருந்தது. ஒற்றை அறை வீடு என்பதால் அதை அடுப்புக்கு மேலேயே மாட்டியிருந்தார். புகையேறி, பட்டாளச் சட்டைக்குள் கருத்த கிழவர் ஒருவர் இருப்பதுபோலத் தெரியும்.

"ஏட்டி, எல்லாக் கறையும் எடுக்கியே, எங்கப்பா மூஞ்சியக் கொஞ்சம் தெளிய வச்சுக் குடேன்" என்றார்.

"குடுங்கக்கா, அஞ்சு நிமிசத்துல பளிச்சுனு பண்ணித் தர்றேனுங்க."

படத்தைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் முதலில் தோளில் மருந்தைப் பீச்சி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தேன். வேஸ்டில் சட்டையின் பச்சை அப்படியே வந்துவிட்டது. படத்தில் ஒரு விரலகலத்துக்கு வெறும் துணி. முகத்தில் பீச்சியிருந்தால் அக்காவுக்கு அப்பாவே இல்லை என்று நினைத்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது அக்கா என்னைத் திட்டவில்லை. முகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயம்புத்தூரில் பழைய ஓவியங்களைச் சரிசெய்யும் ஒருவரிடம் போனோம். அவர் படத்தைத் திருப்பிப் பின்துணியைத் தடவினார். பிறகு லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வித்தாப் பெருசா வெலை போகாதுங்க. ஆனா வரைஞ்சவரு கண்ணுல பட்டதைத்தான் வரைஞ்சிருக்கறாரு. காலர் பாருங்க, கழுத்துக்கு லூசா நிக்குது. அழகு பண்ண நெனைச்சிருந்தா அதைச் சரி பண்ணியிருப்பாருங்க."

தினமும் நூற்றுக்கணக்கில் காலர் பார்க்கும் என் கண்ணில் அது படவே இல்லை.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, தன் எச்சிலில் நனைத்து, கன்னத்தில் மெல்ல உருட்டினார். எச்சில்! நான் வாயைப் பிளந்தேன். பஞ்சு கருத்தது, அரிசியளவு தோல் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் ஒரு கன்னம்கூட முடியவில்லை. நாங்கள் நான்கு ஞாயிறு போனோம். தோளில் போன பச்சையையும் அவரே தீட்டிச் சரிசெய்தார்.

கடைசி ஞாயிறு படத்தை வெளிச்சத்தில் வைத்தார். சுருக்கம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் வெறும் புகை. அரும்பு மீசை. கண்ணில் பொட்டு வெளிச்சம். எதையோ கேட்கப் போகிறவரைப்போல அக்காவின் அப்பா எங்களைப் பார்த்தார்.

"அடுப்புப் பக்கம் வேண்டாமுங்க, ஈரத்துணி போடாதீங்க" என்று படத்தைச் சரிசெய்தவர் சொல்லிக்கொண்டிருந்தது அக்காவின் காதில் ஏறவில்லை. அக்காவின் மகனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

"எம் மவன விடச் சின்னப் புள்ளையா இருக்கானே" என்றார்.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல, தன் அப்பாவுக்காக அழுதார்.