காலியாக விட்ட கட்டம்

கடைகளில் அவரை ‘வைத்தியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பாத்திரமும் கண்ணாடிச் சாமானும் விற்கும் ஒரு நிறுவனம், முப்பத்தெட்டுக் கிளைகள். எந்தச் சரக்கு வந்தது, எது போனது, எது உடைந்தது என்ற தகவலெல்லாம் ஒவ்வொரு கிளையிலும் ஒரு டேட்டாபேஸில் அடுக்கியிருக்கும். அதை உயிரோடு வைத்திருப்பது அவர் வேலை. பையை மாட்டிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தால், “வைத்தியர் வந்தாச்சு, நோயாளிக்கு இன்னும் மூச்சு இருக்கான்னு பாருங்க” என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

இருபத்தேழு கிளைகளிலும் தலைமை அலுவலகத்திலும் புதிய பதிப்பு ஓடியது. மீதிப் பதினொன்றில் பழையது. அங்கிருந்த லேபிள் அச்சடிக்கும் இயந்திரங்கள் பழைய பதிப்போடுதான் ஒத்துப்போகும். புது இயந்திரம் கேட்டால் நிர்வாகம் மூன்று வருடமாக “அடுத்த வருஷம்” என்றது. பழையது அனுப்புவதைப் புதியது புரிந்துகொள்ளும்படி மாற்றித் தர வைத்தியர் ஒரு சின்ன நிரல் எழுதி நடுவில் வைத்திருந்தார். “மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டின புருஷன் மாதிரி அது. ரெண்டு பக்கமும் திட்டு வாங்கும்” என்பார்.

கிடங்கிலிருந்து ஒரு பொருள் குறைந்தால் அதற்குக் காரணம் பதிய ஒரு கட்டம் உண்டு. உடைந்தது, திருப்பி அனுப்பியது, காணவில்லை என்று மூன்றில் ஒன்று. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பழைய பதிப்பு கண்டுகொள்ளாது. புதியது கறார்ப் பேர்வழி. காலி என்றால் வாங்கவே வாங்காது. ஒரு மதியம் நாலாயிரம் பதிவுகள் இப்படி வாசலிலேயே நின்றுவிட்டன. தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். வைத்தியர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தபடியே அந்த நடு நிரலில் ஒரு வரி எழுதினார்: காரணம் காலியாக இருந்தால் ‘காணவில்லை’ என்று நிரப்பு.

காரணம் தெரியாமல் குறைந்தது காணாமல் போனதுதானே என்று நினைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம்தான் இல்லை. ஏதாவது ஒரு கடைக்குப் போன் செய்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். செய்யவில்லை. பதிவுகள் சரசரவென்று உள்ளே போயின. அவர் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்துத் தணிக்கை அதிகாரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். பழைய பதிப்பு ஓடும் பதினேழாம் கிளையில் இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிச் சாமான்கள் காணவில்லை. இந்தத் தகவல் சரியா? வைத்தியர் ஒழுங்காகச் சரிபார்த்தார். கிளையில் இருந்த பதிவுகளின் எண்ணிக்கையும் தலைமை அலுவலகத்தில் இருந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரு பதிவுகூட விடுபடவில்லை. ‘சரியாக உள்ளது’ என்று பதில் போட்டார். இரண்டே சொல்.

அந்த இரண்டு சொல்லை அச்செடுத்துக்கொண்டுதான் தணிக்கை அதிகாரி பதினேழாம் கிளைக்குப் போனார். அங்கே கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண். பதினாலு வருடம். கடையே அவரைக் கிடங்கு அக்கா என்று கூப்பிடும். காலையில் கடை திறக்கும் முன், எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, அக்காவின் பையை மேசைமேல் கொட்டச் சொன்னார்கள். சீப்பு, சாவிக்கொத்து, மகளின் மூக்குக்கண்ணாடிச் சட்டம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

“அதெல்லாம் உடைஞ்சது சார். துண்டையெல்லாம் பெட்டியில போட்டு வண்டியில ஏத்தினேனே.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா.”

கொதிக்கும் எண்ணெயில் கையை விடச் சொல்லிக் குற்றவாளியைக் கண்டுபிடித்த காலத்தைக் காட்டுமிராண்டிக் காலம் என்கிறோம். இப்போது எண்ணெய்க்குப் பதில் திரை. கையை விடுகிற ஆள் மட்டும் மாறவில்லை; அன்றும் இன்றும் எதிர்த்துப் பேச வழியில்லாதவர்தான். அன்றைக்கே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வைத்தியர் இதைக் காதால் கேட்டார். ‘அடப்பாவமே’ என்றார். வேலையைப் பார்த்தார்.

ஆறு வாரம் கழித்து, டிஸ்க் பழுது என்று பதினேழாம் கிளைக்கே போக வேண்டி வந்தது. அக்காவுக்குக் கீழ் வேலை பார்த்த, மீசை நரைத்த ஒருவர் இப்போது அந்த நாற்காலியில் இருந்தார். உடைந்த கோப்பைகளைப் பதிந்துகொண்டிருந்தார். காரணக் கட்டம் வந்ததும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போனார்.

“ஏன் காலியா விடறீங்க?”

“காலின்னா உடைஞ்சது சார்.”

“யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? பழைய கடைங்க எல்லாத்துலயும் அப்படித்தான். அந்தக் காரணப் பட்டியல் திறக்கவே அரை நிமிஷம் ஆகும். ஒரு பெட்டி இறக்கினா நாலு உடையும். ஒவ்வொண்ணுக்கும் திறந்துட்டு இருந்தா வீட்டுக்கு எப்பப் போறது? வேற காரணம்னா மட்டும்தான் எழுதுவோம்.” பிறகு சிரித்தார். “இது தெரியாமலா எங்களுக்கு இத்தனை வருஷம் வைத்தியம் பாத்தீங்க?”

வைத்தியர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

அன்றே அந்த வரியைத் திருத்தினார். காணவில்லை என்பது இருந்த இடத்தில் உடைந்தது என்று போட்டார். இனி யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் அப்படியே நடமாடினார். வரியைத் திருத்தினோமே என்று ஒவ்வொரு காலையும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முள்ளை எடுத்துவிட்டோம், காலில் பட்ட புண் தானாக ஆறட்டும் என்பதுபோல. கால் அவருடையது அல்ல.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிறு காலை துணி மடிக்கும்போது கேட்டார்: “என்னங்க, மூணு வாரமா திருட்டுப் பால் குடிச்ச பூனை மாதிரி முழிக்கிறீங்க. என்ன உடைச்சீங்க?”

உடைத்தது என்ற சொல்லே அவரைக் கவிழ்த்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். “நான் தகவல் சரியான்னுதான் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு” என்று முடித்தார்.

“எங்க லேப்ல ஒருத்தரோட பேரை இன்னொருத்தர் ரத்தக் குழாய்ல ஒட்டிட்டு, ரிசல்ட் சரியாத்தான் வந்துச்சுன்னு சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?”

அவர் கையிலிருந்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தார்.

“அந்தச் சட்டையைக் குடுங்க. நாலு தடவை மடிச்சிட்டீங்க.”

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தில் தன் மேலாளரிடம் போனார். மேலாளர் கதவைச் சாத்தினார். “இனிமே வராம திருத்தியாச்சுல்ல? பழசைக் கிளறாதீங்க. வெளியே சொன்னா பொறுப்பு உங்க தலையிலதான் விழும்.”

“அது அங்கதான் சார் இருக்கு” என்றார் வைத்தியர்.

வைத்தியர் தேடிப் போனபோது அக்கா ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வைத்தியர் நின்றபடியே சொன்னார். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த வரியை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு நிமிஷம்கூட ஆகல.”

“ம்.” அடுத்த சட்டையை விரித்தார். “என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா? என் பையைக் கொட்டினப்ப நின்னு பார்த்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க.”

வைத்தியர் பதினேழாம் கிளை மேலாளருக்குப் போன் செய்தார். அவர் இழுத்தார். “நீங்க அன்னைக்கு எல்லாரையும் வரிசையா நிக்க வச்சீங்க. இன்னொரு தடவை நிக்க வைங்க, போதும்” என்றார் வைத்தியர்.

வியாழக்கிழமை காலை, கதவு திறக்கும் முன், அதே மேசை. அதே ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா அதே பையோடு வந்து ஓரமாக நின்றார். நரைமீசைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் எழுதி எடுத்து வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசினார். காலிக் கட்டம், தான் எழுதிய வரி, தான் போட்ட இரண்டு சொல் பதில். “அக்கா எதையும் எடுக்கல. காணவில்லைன்னு எழுதினது நான்தான்.” பிறகு, தெரிந்தும் வாய் திறக்காத பத்தொன்பது நாளையும் சொன்னார்.

“சரி சரி, புரிஞ்சிடுச்சு, கடை திறக்கணும்” என்றார் கிளை மேலாளர்.

“இருங்க சார்” என்றார் அக்கா. “என் பையைக் கொட்ட இருபது நிமிஷம் எடுத்தீங்க. இவர் இன்னும் அஞ்சு நிமிஷம்கூடப் பேசல. மறுபடி முதல்ல இருந்து சொல்லட்டும். பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

வைத்தியர் முதலிலிருந்து சொன்னார்.

முடிந்ததும் கதவு திறந்தது. வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி கிளை மேலாளர் ஏதோ முணுமுணுத்தார். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வைத்தியர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அக்கா கேட்க நிற்கவில்லை, வாசலை நோக்கி நடந்தார். வாசலில் திரும்பினார்.

“மத்தப் பழைய கடைங்கள்ல?”

“இதே வரியால எச்சரிக்கைக் கடிதம் வாங்கினவங்க ஆறு பேர் இருக்காங்க. இன்னைக்கு நாலாம் கிளைக்குப் போறேன்.”

“அங்க கிடங்குல இருக்கிறவருக்குக் காது மந்தம்” என்றார் அக்கா. “சத்தமா சொல்லுங்க.”