நாத்தனார் படிப்புக்கு நாங்கள் கொடுத்த ரத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுதினால் எப்படி இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். பாதி மறந்தும் போயிற்று. நினைவில் நிற்பதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த பியூஸ் கட்டைகளின் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். அந்த வேலையில் எல்லோரும் பெண்கள்தான்.

என் வீட்டுக்காரரின் தங்கை அப்போது பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பென்று பிடிபடவில்லை. என்னைத்தான் கேட்பார்கள்.

"டாக்டருக்கா படிக்குது?"

"இல்லிங்க."

"அப்ப நர்ஸுக்கா?"

"அதுவும் இல்லிங்க. டாக்டரு ரத்தத்த டெஸ்டுக்கு அனுப்புறாருல்ல, அதுல என்னென்ன இருக்குதுன்னு பாக்குற படிப்பு."

தலையை ஆட்டிக்கொண்டு கேட்டவர்கள் நேரே என் மாமனாரிடம் போய், "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதாமே" என்பார்கள். அவரும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். உழைக்கும் பெண்களின் ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, இரும்புச்சத்து எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதாக அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பட்டறைப் பெண்களை மனசில் வைத்துத்தான். அதை முடிக்காவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். இன்னொரு வருஷம் அனுப்ப மாமனார் தயாராக இல்லை. திட்டக்குடியில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார்.

"நீங்கதான் அண்ணி அவங்கள கேக்கணும்" என்றாள். எனக்கோ வாய் வராது. பட்டறையில் எங்களில் மூத்தவரிடம் மட்டும் போய், காதோடு காதாக, "நாத்தனாருக்குப் பரீட்சைக்கு ரத்தம் வேணுமாம், வெறும் வயித்துல வரணுமாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரைப் பெரியக்கா என்போம். மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார்.

குறித்த நாளில் காலையிலேயே எல்லோரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். நாத்தனார் ஒரு நர்ஸம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். ஐஸ் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் நிறுத்தி வைத்தார்கள். கொஞ்ச நேரம் போனால் ரத்தம் உறைந்து கீழே தங்கும், மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும் என்று நாத்தனார் எனக்குச் சொல்லியிருந்தாள். ஆனால் மேலே நின்றது தெளிவாக இல்லை. குழாய்க்குக் குழாய் மோர் போலக் கலங்கி இருந்தது.

"பெரியக்கா, காலையில எதுனா சாப்டீங்களா?" என்றாள்.

"சாப்டாம? ஈரலு வறுத்து நெய் ஊத்தித் தின்னுட்டுதான் வந்தேன். எல்லாரையும் அப்படித்தான் வரச் சொன்னேன். உனக்காவத்தான்டி."

"எனக்காவவா?"

"பின்ன? எங்க ரத்தத்த வச்சுத்தான உனக்கு மார்க்கு போடுவாங்க? கூழு குடிச்ச ரத்தத்தக் குடுத்து உன்ன பெயிலாக்கச் சொல்றியா?"

மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி குழாயை எட்டிப் பார்த்தாள். "நான் ஒரு சொம்பு எருமப்பாலு குடிச்சேன். தோ, வெள்ளையா மெதக்குது பாரு, இது என்னுதுதான்."

நர்ஸம்மாகூடச் சிரித்துவிட்டார். நாத்தனார் சிரிக்கவில்லை. "நீங்க தெனம் எப்படி இருக்கீங்களோ அப்படியேதான் எனக்கு வேணும். கம்மியா இருந்தா கம்மின்னு எழுதுறதுதான் என் பரீட்சை" என்றாள்.

"அப்ப மறுபடியும் ஊசியா?" என்றது ஒரு குரல். எல்லோரும் எழுந்து பிசிறு எடுக்கப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் டப்பாவை இறக்கி வைத்தாள். "அவ்ளோதான் அண்ணி. நான் திட்டக்குடிக்குப் போவ வேண்டியதுதான்." அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சும்மா உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் தூக்குச் சட்டியைத் திறந்தபோது நான் எழுந்து நின்றேன். படிப்பு விஷயமெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"இன்னொரு தரம் நீங்க ரத்தம் குடுக்கலன்னா அவ படிப்பு நின்னுபோவும். திட்டக்குடியில கட்டிக் குடுத்துடுவாங்க."

"மாப்பிள்ள குடிகாரனா?" என்றார் பெரியக்கா.

"இல்லக்கா, நல்லவருதான்."

"அப்புறம் இன்னாத்துக்குடி வேணாங்குறா?"

"அவளுக்கு இந்தப் படிப்பு முடியணும்க்கா. அவ்ளோதான்."

பெரியக்கா, "இந்தப் பொண்ணு இத்தினி வார்த்த பேசி நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிக் கையைக் கழுவினார். "வர்றோம்னு சொல்லு. வெள்ளிக்கெழம மட்டும் வேணாம். அப்புறம் அவங்கவங்க ரத்தத்துல இன்னா இருக்குதுன்னு அவங்கவங்க காதுல சொல்லணும். எழுதிக்கினு போயி அவ மட்டும் வச்சிக்கக் கூடாது."

அடுத்த வாரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார்கள். இந்தத் தடவை மேலே நின்ற நீர் தெளிவாக இருந்தது. முடிவு வந்ததும் நாத்தனார் பட்டறைக்கு வந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். முக்கால்வாசிப் பேருக்கு ரத்தம் குறைவு. என்னையும் சேர்த்துத்தான். எருமைப்பால் குடித்தவளுக்கு ரொம்பக் குறைவு என்று அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

பட்டம் வந்தது. திட்டக்குடி வரன் வேறு இடத்தில் அமைந்துவிட்டது. அவளோடு படித்தவர்களில் ஒருத்தி மெட்ராஸில் மருந்துக் கம்பெனிக்குப் போனாள், ஒருத்தி கல்லூரியில் பாடம் சொல்லப் போனாள், ஒரு பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போனான். இவள் பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலைமைப் பொறுப்புக்கும் வந்தாள். கல்யாணமும் அவள் நினைத்த நேரத்தில்தான் நடந்தது.

ரத்தத்தில் என்னென்ன பார்த்தார்கள் என்று நான் எழுதியது சரியோ தப்போ தெரியவில்லை. வருஷமும் முன்னே பின்னே இருக்கலாம். அந்தப் படிப்பு படித்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. நாத்தனாரிடமே காட்டலாம்தான். நான் எழுந்து பேசியதை மட்டும் அவள் கூட்டிச் சொல்லிவிடுவாள், அதை மாற்ற விடாதீர்கள்.